குழந்தை வளர்ச்சி ஆராய்ச்சியும் ஆக்கியோன் பெயரும்

நூலொன்றைக் கற்கப் புகுவோன் முதற்கண் அறியவேண்டுவன எவையென ஆராய்ந்த நன்னூலார், சிறப்புப் பாயிரத்தின் இலக்கணமாக எட்டுப் பொருள்களை வகுத்தார். அவற்றுள் முன்னிற்பது ஆக்கியோன் பெயர். அதனையடுத்து நிற்பது வழி. அஃதாவது, அந்நூல் எதன் வழியாக வந்தது என்பது. நூற்பெயரும் நுதலிய பொருளும் பயனும் இவற்றின் பின்னரே வைக்கப்பட்டன. பாயிரஞ் செய்தற்குரியார் யாவர் என்பதற்கும் பவணந்தியார் விடை கூறுகின்றார். நூல் செய்தானுடைய ஆசிரியன், அவனோடு ஒருங்கு கற்றோன், அவன் மாணாக்கன், தகுதி வாய்ந்த உரைகாரன் ஆகியோரே அதற்குரியர். இன்ன நூலை இன்னார் செய்தார் என்பதற்கு, அருகிருந்து அறிந்தவர் சான்று பகரவேண்டும் என்னும் கருத்து இவ்விதியினுள் அடங்கியுள்ளது.

ஏறக்குறைய எண்ணூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட இக்கொள்கையை இன்றைய மருத்துவ விஞ்ஞானம் வேறு சொற்களால் மீண்டும் வகுத்துக்கொண்டிருக்கின்றது. ஆராய்ச்சிக் கட்டுரையின் தலைப்பின்கீழ் யார் பெயர் வரவேண்டும், யார் பெயர் வரலாகாது, வந்த பெயருக்கு உரியவர் எதற்குப் பொறுப்பாவார் என்னும் வினாக்கள் கல்விமான்களின் தன்மானத்தைப் பற்றியன என்று பலர் எண்ணுவர். அவ்வெண்ணம் பொருந்தாது என்பதைப் பிள்ளைகளின் நரம்பு வளர்ச்சிக் கோளாறுகள் பற்றிய ஆராய்ச்சி வரலாறு நன்கு காட்டும். இத்துறையிற் பெயர் பிழைத்தபோதெல்லாம் அதன் பலனை அனுபவித்தோர் பிள்ளைகளும் அவர்தம் பெற்றோருமாவர். கொட்டியாரக் குடாவின் தென்பால் மூதூர்ப் பிரதேசத்திலுள்ள கட்டைபறிச்சான் போன்ற ஊர்களில் வாழ்வோர்க்கும் இவ்விடயத்திற் பங்குண்டு. அஃது எவ்வாறென்பதை இறுதியிற் கூறுவோம்.

1. நரம்பு வளர்ச்சிக் கோளாறு என்றால் என்ன?

குழந்தையின் மூளையும் நரம்புத் தொகுதியும் கருவிலும் இளமையிலும் வளருங்கால், அவ்வளர்ச்சியின் போக்கில் நேரும் வேறுபாடுகளால் பேச்சு, விளக்கம், கவனம், பிறரோடு பழகுதல், வாசிப்பு, உடலியக்கம் என்பவற்றிற் குறைகள் தோன்றுவதுண்டு. அவற்றையே நரம்பு வளர்ச்சிக் கோளாறுகள் என்பர். அமெரிக்க உளநோய் வைத்தியர் சங்கம் 2013ஆம் ஆண்டில் வெளியிட்ட நோய் வகைப்பாட்டு நூலின் ஐந்தாம் பதிப்பு இவற்றை ஓரினமாகத் தொகுத்தது. உலக சுகாதாரத் தாபனத்தின் 11ஆம் வகைப்பாடு 2022இல் நடைமுறைக்கு வந்தது. அதுவும் அவ்வாறே தொகுத்துள்ளது. அறிவு வளர்ச்சிக் குறைபாடு, பேச்சும் தொடர்பாடலும் பற்றிய கோளாறுகள், ஓட்டிசம், கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு, குறித்த கற்றற் கோளாறுகள், இயக்கக் கோளாறுகள் என்பன இவ்வினத்துள் முக்கியமானவை.

இவை அருமையானவை அல்ல. இந்தியாவில் ஐந்து பகுதிகளில் இரண்டு முதல் ஒன்பது வயதுவரையுள்ள 3,964 பிள்ளைகளை ஆராய்ந்து 2018இல் வெளியான கட்டுரையொன்று, காது கேளாமை, வலிப்பு முதலியனவற்றையும் உட்படுத்தி ஒன்பது வகைக் கோளாறுகளைக் கணித்தது. ஆறு வயதுக்குட்பட்டோரில் நூற்றுக்கு 9.2 பேரிடத்தும், ஆறு முதல் ஒன்பது வயதினரில் நூற்றுக்கு 13.6 பேரிடத்தும் இவற்றுள் ஒன்றேனும் காணப்பட்டது. நாற்பது பிள்ளைகள் அமர்ந்திருக்கும் வகுப்பறையில் நால்வரோ ஐவரோ இத்தகையோராயிருத்தல் கூடும் என்பது ஆசிரியர் மனங்கொள்ளத்தக்கது.

இக்கோளாறுகளின் காரணம் அறியப்படாத காலத்திற் பழி தாயின்மீது விழுந்தது. மேனாட்டில், தாயின் அன்பின்மையே ஓட்டிசத்துக்குக் காரணமென்று கற்றறிந்த வைத்தியர்களும் கூறினர். சிக்காகோவில் வாழ்ந்த புறூனோ பெற்றல்கைம் 1967இல் வெளியிட்ட நூல் அக்கூற்றை உலகெங்கும் பரப்பிற்று. அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்னரே, ஓட்டிசமுடைய மைந்தன் ஒருவனின் தந்தையாகிய பேணாட் றிம்லண்ட், சான்றுகளை நிரல்பட வைத்து அக்கொள்கையை மறுத்து நூலெழுதியிருந்தார். நம்மிடையே அப்பழி கண்ணூறு, கிரகதோஷம், முன்வினை என வேறு பெயர்களைப் பூண்டு வரும். பழி விழுமிடம் ஒன்றே. ஆதலின், காரணத்தைக் கண்டறிந்தோர் யாவர், அவர் கண்டது யாது என்பன தாய்மாருக்கு நேரே பயன்படும் அறிவாகும்.

2. ஒரு பெண்மணியின் உழைப்பும் ஓர் எழுத்துப் பிழையும்

அறிவு வளர்ச்சிக் குறைபாட்டின் காரணங்களுள் உலகெங்கும் நன்கறியப்பட்டது டவுன் கூட்டறிகுறி. அதனை 1866இல் ஆங்கில வைத்தியர் ஜோன் லாங்டன் டவுன் விவரித்தார். அப்பிள்ளைகளின் முகத்தோற்றத்தைக் கொண்டு அவர் இட்ட இனப்பெயர் நூறாண்டு நிலைத்தது. மொங்கோலிய நாட்டின் வேண்டுகோளின் பின்னர், 1965இல் உலக சுகாதாரத் தாபனம் அதனைக் கைவிட்டது. காரணம் மட்டும் 1958வரை புலப்படவில்லை.

மனிதக் கலத்தில் 46 நிறமூர்த்தங்கள் உள்ளன என்பதே 1956இற்றான் உறுதிப்பட்டது. அக்காலத்தில் பாரிசு நகரின் துறூசோ வைத்தியசாலையில் றேமொன் தூப்பன் என்னும் பேராசிரியரின் கீழ் மார்த் கோத்தியே என்னும் இளம் பெண் வைத்தியர் பணியாற்றினார். 1925இற் கமக்காரக் குடும்பத்திற் பிறந்தவர்; அமெரிக்காவின் பொஸ்தன் நகரில் ஓராண்டு பயின்றபோது இழைய வளர்ப்புக் கலையைக் கற்றுத் திரும்பியவர். டவுன் பிள்ளைகளின் நிறமூர்த்தங்களை எண்ணிப் பார்க்கவேண்டும் என்ற கருத்துத் தூப்பனுக்கு இருந்தது. எண்ணுதற்கு வேண்டிய கலங்களை வளர்க்கும் வித்தை கோத்தியே ஒருவருக்கே கைவந்திருந்தது. அவருக்கு ஓர் அறை கொடுத்தார்கள், பணம் கொடுக்கவில்லை. கண்ணாடிப் பாத்திரங்களைத் தாமே கடன்பட்டு வாங்கினார். வளர்ப்புக்கு வேண்டிய குருதிப்பாயத்துக்காக வைத்தியசாலை வளவில் ஒரு சேவலை வளர்த்தார். மனித நீர்ப்பாயத்துக்குத் தம் குருதியையே எடுத்தார். இவ்வாறு 1958ஆம் ஆண்டில் டவுன் பிள்ளையொன்றின் கலங்களில் 46க்குப் பதிலாக 47 நிறமூர்த்தங்கள் தோன்றின.

படம் பிடிக்கத்தக்க நுணுக்குக்காட்டி அவரிடத்தில் இல்லை. அதே பகுதியிற் பணியாற்றிய ஜெரோம் லெஜேன் என்பார் தகடுகளை வாங்கிச்சென்று வேறிடத்திற் படம் எடுப்பித்தார். அவ்வாண்டிலேயே கனடாவில் அச்செய்தியை லெஜேன் எடுத்துரைத்தார். 1959 சனவரி 26இல் பிரெஞ்சு விஞ்ஞானக் கழகத்தின் ஏட்டிற் கட்டுரை வெளிவந்தபோது லெஜேன் முதலாவதாகவும், கோத்தியே இடையிலும், தூப்பன் இறுதியிலும் நின்றனர். கோத்தியேயின் குடும்பப் பெயரில் வேண்டாத ஓர் எழுத்துப் புகுந்து, பெயரே பிழையாக அச்சாகியிருந்தது. கட்டுரை அச்சேறும் தறுவாயிலேயே தமக்குத் தெரியவந்தது என்று கோத்தியே ஐம்பதாண்டுகளின் பின்னர், 2009இல், எழுதினார். அவர் அத்துறையை விட்டுக் குழந்தை வைத்தியத்துக்கே மீண்டுவிட்டார். பரிசில்களும் புகழும் லெஜேனைச் சார்ந்தன.

2014இல் பிரான்சு நாட்டு மருத்துவ ஆராய்ச்சித் தாபனத்தின் ஒழுக்கநெறிக் குழு ஆவணங்களை ஆராய்ந்து தன் கருத்தை வெளியிட்டது. இழைய வளர்ப்பு இன்றேல் அக்கண்டுபிடிப்பு இல்லை எனவும், அக்கட்டத்தில் லெஜேனின் பங்கே மேலோங்கியது என்று கொள்ளற்கில்லை எனவும் அக்குழு கூறிற்று. லெஜேன் பெயரால் நிறுவப்பட்ட தாபனத்தார் இதனை ஒப்பவில்லை. கண்ட பொருளின் உட்கருத்தை விளக்கியவர் அவரே என்பது அவர் தரப்பின் வாதம். பின்னாளில் லெஜேன் இத்துறைக்கு ஆற்றிய பணி பெரிது என்பதையும் மறுத்தல் இயலாது. கோத்தியே 2022 ஏப்பிரல் 30இல், தமது 96ஆம் வயதில் மறைந்தார்.

இந்த வழக்கிற் கவனிக்கத்தக்கது யாதெனின், எண்ணியவர் ஒருவர், எண்ணுதற்குரியதை ஆக்கியவர் மற்றொருவர், கருத்தை முன்னர்க் கொண்டிருந்தவர் வேறொருவர் என்னும் உண்மை கட்டுரையில் எங்கும் எழுதப்படவில்லை. மூன்று பெயர்கள் மட்டும் எழுதப்பட்டன. இன்னார் இன்னது செய்தார் என ஒரு வரி எழுதப்பட்டிருப்பின், ஐம்பதாண்டுப் பிணக்கு எழுந்திராது.

3. மொழி மாறியதால் மறைந்த பெயர்

ஓட்டிசத்தை முதன்முதல் விவரித்தவர் யார் என்று மாணவரைக் கேட்டால், 1943இல் அமெரிக்காவிற் பதினொரு பிள்ளைகளைப் பற்றி எழுதிய லியோ கானர் என்றோ, 1944இல் வியன்னாவில் எழுதிய ஹான்ஸ் அஸ்பேகர் என்றோ விடை வரும். இவ்விருவருக்கும் ஏறக்குறைய இருபதாண்டுகள் முன்னர், 1925இல், மொஸ்கோ நகரில் குறூனியா சுகரேவா என்னும் பெண் வைத்தியர் ஆறு சிறுவர்களின் இயல்புகளை நுணுக்கமாக எழுதிவைத்தார். தனித்திருத்தலில் நாட்டம், ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்தல், ஒலிகளுக்குக் கூசுதல், இசையிலோ எண்ணிலோ சிறந்து விளங்குதல் என்று அவர் கண்டவற்றை இன்றைய நூல்களோடு ஒப்பிடுவோர் வியப்புறுவர். சில ஆண்டுகளிற் சிறுமியரைப் பற்றியும் எழுதினார். சிறுமியரிடத்து ஓட்டிசம் வேறு வகையாக வெளிப்படும் என்பதை மேனாட்டு ஆராய்ச்சி மிகப் பிற்காலத்திலேயே கருத்தூன்றி நோக்கத் தொடங்கிற்று.

அவர் கட்டுரை 1926இல் ஜேர்மன் மொழியிலும் வெளிவந்தது. எனினும் 1996இல் சூலா வுல்வ் என்னும் வைத்தியர் அதனை ஆங்கிலத்திற் பெயர்த்து வெளியிடும்வரை ஆங்கிலம் கற்றோர் பெரும்பாலும் அவரை அறிந்திலர். உருசிய மொழியில் ஒருவிதமாகவும், ஜேர்மன் எழுத்துக்கூட்டில் வேறுவிதமாகவும், ஆங்கிலத்தில் இன்னொருவிதமாகவும் அவர் பெயர் எழுதப்பட்டது. ஒருவரே பலர்போல ஆயினார்.

தமிழருக்கு இவ்விடர் நாடோறும் நேர்வது. நம் வழக்கிற் குடும்பப் பெயர் என்பதொன்றில்லை; தந்தையின் பெயர் முன்னிற்கும், தன் பெயர் பின்னிற்கும். மேனாட்டுச் சஞ்சிகையோ இறுதிப் பெயரைக் குடும்பப் பெயராகக் கொண்டு, முன்னதை ஓரெழுத்தாகக் குறுக்கும். வேறொரு படிவத்தில் அதே மாணவர் முறையை மாற்றி எழுதினால், தந்தையார் ஆராய்ச்சி செய்தவராகிவிடுவார். மணமான பின்னர்க் கணவன் பெயரைச் சேர்த்தெழுதும் பெண்களின் முந்திய கட்டுரைகள் வேறொருத்தியுடையனவாகத் தோன்றும். ஆங்கில எழுத்துக்கூட்டும் ஆளுக்கு ஆள், பத்திரத்துக்குப் பத்திரம் மாறும். இக்குறையை நீக்கவே 2012இல் ஓர்க்கிட் என்னும் பதினாறிலக்க ஆய்வாளர் எண் முறை தொடங்கப்பட்டது. கட்டணமின்றிப் பெறத்தக்க அவ்வெண்ணை முதற்கட்டுரைக்கு முன்னரே பெற்றுக்கொண்டு, பெயரை ஒரே எழுத்துக்கூட்டில் வாழ்நாள் முழுதும் எழுதுதல் நம் இளைஞர்க்குத் தகும்.

4. முன்னோன் பெயரை முன்வைத்த ஒருவர்

பெயர்ப் பூசலே இத்துறையின் வரலாறு என்று கொள்ளலாகாது. வியன்னாவில் 1954இல் அந்திரேயாஸ் றெற் என்னும் வைத்தியர் தம் காத்திருப்பு அறையில் இரு சிறுமியர் கைகளை ஒரேவிதமாகப் பிசைந்துகொண்டிருப்பதைக் கண்டார். தம் பதிவேடுகளைப் புரட்டி அத்தகையோர் மேலும் சிலரைத் தேர்ந்து, 1966இல் ஜேர்மன் மொழியிற் கட்டுரை வரைந்தார். அதனைப் படித்தோர் சிலரே.

சுவீடன் நாட்டின் பெங்த் ஹாக்பேக் இவற்றை அறியாமலே அத்தகைய சிறுமியரைப் பல்லாண்டு அவதானித்து வந்தார். பிரெஞ்சு, போர்த்துக்கேய வைத்தியருடன் சேர்ந்து 35 சிறுமியரைப் பற்றிய கட்டுரையை அவர் 1983இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். அதற்குள் றெற் என்பாரின் முந்திய கட்டுரை அவருக்குத் தெரியவந்தது. தம் பெயரை நாட்டுதற்கு இடமிருந்தும், அந்நோய்க்கு றெற் கூட்டறிகுறி என்றே பெயரிட்டார். பெயர் ஒன்றானதும் உலகெங்குமுள்ள வைத்தியரும் பெற்றோரும் அதன்கீழ் ஒன்றுகூடினர். 1999இல் பெய்றூத் நகரிற் பிறந்தவரான ஹூடா சோக்பியின் அமெரிக்க ஆய்வுகூடம் அதற்குரிய பரம்பரையலகைக் கண்டறிந்தது. அக்கட்டுரையின் முதற்பெயர், கைவேலை செய்த இளம் ஆய்வாளர் றூதி அமீருடையது. நன்னூலார் கூறிய ‘வழி’ என்பதை ஹாக்பேக் மறவாமற் போற்றியமையால், சிதறிக் கிடந்த அறிவு ஒரு கால்வாயிற் சேர்ந்தோடிற்று.

5. பெயரிட்டோரின் பொறுப்பு

பெயர் விடுபடுதலால் விளையும் தீங்கைக் கண்டோம். ஆராயாது பெயரிடுதலால் விளையும் தீங்கு அதனினும் பெரிது. 1998 பெப்ரவரியில் இலண்டன் லான்செற் சஞ்சிகையில் அன்றூ வேக்பீல்ட் என்பாரும் வேறு பன்னிருவரும் ஒரு கட்டுரை எழுதினர். பன்னிரண்டு பிள்ளைகளைப் பற்றிய அக்கட்டுரை, சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா என்னும் மூன்றுக்குமான தடுப்பூசிக்கும் பிள்ளைகளின் வளர்ச்சிப் பின்னடைவுக்கும் தொடர்பிருக்கக்கூடும் என்ற ஐயத்தைக் கிளப்பிற்று. பெற்றோர் அஞ்சினர். பிரித்தானியாவில் தடுப்பூசி பெற்ற பிள்ளைகளின் தொகை சில ஆண்டுகளில் நூற்றுக்கு 80 அளவிற்குத் தாழ்ந்தது. சின்னமுத்து மீண்டும் தலைதூக்கிற்று.

தடுப்பூசிக் கம்பனிகள்மீது வழக்குத் தொடுக்கவிருந்த சட்டத்தரணியிடமிருந்து வேக்பீல்டுக்குப் பணம் வந்தமையைப் பிறையன் டீர் என்னும் பத்திரிகையாளர் 2004இல் வெளிப்படுத்தினார். அவ்வாண்டு மார்ச்சில் உடனாசிரியர் பதின்மர் அக்கட்டுரையின் கருத்துரையைத் தாம் மீளப்பெறுவதாக எழுதினர். 2010 பெப்ரவரியில் லான்செற் கட்டுரை முழுவதையும் மீளப்பெற்றது; மே மாதத்தில் வேக்பீல்டின் பெயர் வைத்தியர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. பிள்ளைகளின் நோய்க்குறிப்புகளே மாற்றி எழுதப்பட்டிருந்தமை பின்னர் விரிவாக எடுத்துக்காட்டப்பட்டது. 2019இல் டென்மார்க்கில் 657,461 பிள்ளைகளை ஆராய்ந்தோர் இத்தடுப்பூசியால் ஓட்டிசம் மிகவில்லை என்று கண்டனர்.

பதின்மூவர் பெயரிட்ட கட்டுரையில், மூலக் குறிப்புகளைக் கட்டுரையோடு ஒப்பிட்டுப் பார்த்தவர் எத்தனை பேர்? பதின்மர் தம் கருத்தை மாற்றிக்கொள்ள ஆறாண்டுகள் சென்றன. அவ்வாறாண்டுகளிலும் பதின்மூன்று பெயர்களின் கனத்தைக் கண்டே மக்கள் நம்பினர். பெயர் என்பது உறுதிப் பத்திரத்திலிடும் கையொப்பம் போன்றது. படியாது ஒப்பமிட்டவனும் கடனுக்கு ஆளாவான். இலங்கையும் இப்பாடத்தை மறத்தற்கில்லை. 2019இல் சின்னமுத்து ஒழிந்த நாடென உலக சுகாதாரத் தாபனம் இலங்கையை ஏற்றது. 2023இல் அந்நோய் ஈண்டு மீண்டும் பரவிற்று.

6. பிள்ளையின் சொல் யாருடைய சொல்?

ஆக்கியோன் யார் என்னும் வினா, கட்டுரையோடு நில்லாது பிள்ளையின் வாய்மொழிக்கும் சென்றதொரு வரலாறுண்டு. பேச்சில்லாத பிள்ளையின் கையையோ முழங்கையையோ உதவியாளர் தாங்கி நிற்க, பிள்ளை எழுத்துப் பலகையில் விரல் வைத்துச் சொற்களை ஆக்கும் முறையை 1970களில் அவுஸ்திரேலியாவில் றோஸ்மேரி குறோஸ்லி என்பார் தொடங்கினார். 1990 அளவில் டக்ளஸ் பிக்கிளன் அதனை அமெரிக்காவிற் பரப்பினார். ஒரு சொல்லும் பேசாதிருந்த பிள்ளைகள் கவிதையும் கடிதமும் எழுதினர் என்றபோது பெற்றோர் அடைந்த மகிழ்ச்சியை யாரும் உணரலாம்.

1990களின் தொடக்கத்தில் எளிய சோதனையொன்று நடைபெற்றது. பிள்ளைக்கு ஒரு படமும் உதவியாளருக்கு வேறொரு படமும், ஒருவர் கண்டதை மற்றவர் காணாவண்ணம், காட்டப்பட்டன. பலகையில் எழுந்த விடை பெரும்பாலும் உதவியாளர் கண்ட படத்தின் பெயராகவே இருந்தது. உதவியாளர் எவரும் வஞ்சித்தாரல்லர். தம்மையறியாமலே பிள்ளையின் கையை இயக்கினர். 1994இல் அமெரிக்க உளவியற் சங்கம் இம்முறைக்கு விஞ்ஞான ஆதாரமில்லை எனத் தீர்மானித்தது. இத்தகைய பலகையிற் பிறந்த குற்றச்சாட்டுகளால் நீதிமன்றம் ஏறிய குடும்பங்களும் உண்டு.

இதனைக் கேட்டுப் பேச்சில்லாப் பிள்ளைக்குச் சொல்வதற்கொன்றுமில்லை என எண்ணுதல் பெருந்தவறு. தானே தொட்டுக் காட்டும் படப்பலகை, தானே அழுத்தும் கருவி என்பன இன்று பல உள. ஒரு குவளை நீர்ப் படத்தைப் பிள்ளை தன் விரலாலே தொடுமாயின், அச்சொல் முழுவதும் அப்பிள்ளையுடையது. பிறர் கையால் எழுதிய நூறு வரியினும் அவ்வொரு சொல் மேலானது.

7. இன்றைய விதி

1978இல் கனடாவின் வான்கூவர் நகரிற் கூடிய மருத்துவச் சஞ்சிகைப் பதிப்பாசிரியர் குழுவின் வழிவந்தோர், ஆக்கியோன் எனப்படுதற்கு இன்று நான்கு தகுதிகளை விதிக்கின்றனர். ஆராய்ச்சியை வகுத்தலிலோ தரவுகளைத் திரட்டி ஆராய்ந்து பொருள் காண்பதிலோ கணிசமான பங்கு கொள்ளல் ஒன்று. கட்டுரையை வரைதல் அல்லது ஆழ்ந்து திருத்தல் இரண்டு. அச்சுக்குரிய இறுதி வடிவத்துக்கு இசைவளித்தல் மூன்று. கட்டுரையின் உண்மைக்கு விடையிறுக்க ஒருப்படுதல் நான்கு. இந்நான்காவது 2013இற் சேர்க்கப்பட்டது. நான்கும் ஒருங்கே அமைதல் வேண்டும். முதற்றகுதி உடையாரை ஏனையவற்றிற் பங்குகொள்ள அழையாது, அழையாமையையே காரணமாகக் காட்டி விலக்குதலும் விதிக்கு மாறானது. கோத்தியேயின் வழக்கை இவ்விதியால் அளந்து பார்க்கலாம்.

பகுதித் தலைவர் என்பதற்காகவோ பணம் பெற்றுத் தந்தார் என்பதற்காகவோ பெயர் சேர்த்தல் கௌரவப் பெயர். எழுதியவரை மறைத்தல் கரந்த பெயர். இரண்டும் குற்றமே. இயந்திரச் செயற்கை நுண்ணறிவை ஆக்கியோனாகக் குறித்தல் ஆகாது என்றும், அதன் உதவியைப் பெற்றவர் அதனை வெளிப்படுத்தல் வேண்டும் என்றும் 2023இல் அக்குழு விதித்தது. பொறுப்பேற்க இயலாதது ஆக்கியோன் ஆகாது என்பதே அதன் காரணம்.

8. நம் மாவட்டமும் ஆராய்ச்சியும்

இலங்கையில் ஓட்டிசம் பற்றிய ஆராய்ச்சிக்கு அடிப்படையிட்டோருள் கொழும்புப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹேமமாலி பெரேரா முதன்மையானவர். நகர்ப்புறம் சார்ந்த ஒரு பகுதியிற் பதினெட்டு முதல் இருபத்துநான்கு மாதக் குழந்தைகள் 374 பேரைத் தம் குழுவினரோடு ஆராய்ந்து 2009இல் வெளியிட்ட கட்டுரையில், 93 குழந்தைகளில் ஒன்று என்ற அளவில் ஓட்டிசம் காணப்பட்டதாக எழுதினார். மேனாட்டு வினாக்கொத்தின் மொழிபெயர்ப்புக்குத் தாய்மார் அளித்த விடைகள் அக்குழந்தைகளைக் கண்டறியப் போதாதிருந்தமையையும் அக்கட்டுரை மறைக்கவில்லை. பின்னர், வினாவின் பொருள் தாய்மாருக்குத் தெளிவாதற்பொருட்டுப் படங்களைக் கொண்ட மதிப்பீட்டு முறையொன்றை அவர் குழுவினர் ஆக்கினர். குறையை மறையாது எழுதியமையாலேயே அடுத்த ஆராய்ச்சி பிறந்தது.

நமது மாவட்டத்தின் நிலைமை வேறு. 2004 டிசெம்பரில் கடல் பொங்கிற்று. 2006இற் போரினால் மூதூர் கிழக்கின் மக்கள் இடம்பெயர்ந்து, பின்னர்ப் படிப்படியாகத் திரும்பினர். இத்தகைய அழிவுகளின் பின்னர் வினாத்தாள்களோடு ஆய்வாளர் பலர் வருதல் உலக இயல்பு. கடற்கோளின் பின்னர் இலங்கையில் நிகழ்ந்த ஆராய்ச்சிகளின் ஒழுக்கநெறி பற்றி அதுல சுமதிபால, சிசிர சிறிபத்தன என்னும் நம் நாட்டு அறிஞர் 2005இலேயே எச்சரித்து எழுதினர். அதற்கு முந்திய ஆண்டில் அவர்கள் மற்றொருவரோடு சேர்ந்து ஐந்து பெரும் மருத்துவச் சஞ்சிகைகளைக் கணக்கிட்டபோது, செல்வநாடுகளுக்குப் புறம்பான உலகத்தின் பங்கு ஏறக்குறைய நூற்றுக்கு 6.5 வீதமே எனக் கண்டனர்.

கட்டைபறிச்சானில் ஒரு தாய் தன் பிள்ளையைப் பற்றிக் கூறும் செய்தி நூலாவதற்குப் பலர் கைமாறுகின்றது. வீடு வீடாகச் செல்லும் மருத்துவமாது அதனை முதலிற் கேட்கிறார். தமிழில் வினாவைப் பெயர்ப்பவர் ஒருவர். மூதூர் வழக்கை விளக்குபவர் ஒருவர். எண்களைச் சேர்ப்பவர் ஒருவர். கொழும்பிலோ கடல் கடந்தோ இருந்து எழுதுபவர் ஒருவர். இவர் அனைவரும் ஆக்கியோராதல் வேண்டும் என்பதில்லை. ஆயின், ஆராய்ச்சியை வகுத்துப் பொருள் கண்டவர் இவ்வூரவரென்பதற்காக விடுபடலாகாது. உதவியோர் பெயர் அவர் இசைவோடு நன்றியுரையில் நிற்றல் வேண்டும். பிள்ளையின் பெயர் மட்டும் எவ்விடத்தும் வருதல் ஆகாது. சிற்றூரிற் பெயரை மறைத்தாலும், வயது, தந்தையின் தொழில், ஒழுங்கை என்பன சேர்ந்தால் பிள்ளை யாரென ஊரார் அறிவர். ஆதலின் அவற்றையும் காத்தல் கடன். ஆராய்ச்சிக்கு இசையும் தாய், முடிவு எனக்குத் தமிழிற் கிடைக்குமா என்று கேட்டல் தகும். அது சலுகையன்று; உரிமை.

ஆராய்ச்சி வரும்வரை பெற்றோர் காத்திருக்கவும் வேண்டா. பன்னிரண்டு மாதத்தில் மழலையொலியோ சுட்டிக்காட்டலோ இல்லாமை, பதினாறு மாதத்தில் ஒரு சொல்லும் இல்லாமை, இரண்டு வயதில் இரு சொற்களைத் தானே சேர்த்துப் பேசாமை, பெயர் சொல்லி அழைத்தும் திரும்பாமை, முன்னிருந்த பேச்சு எந்த வயதிலேனும் மறைதல் என்பன உடனே கவனிக்க வேண்டிய குறிகள். கிளினிக்குக்குக் கொண்டுசெல்லும் பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டில் இவற்றைக் குறிப்பித்து, முதலிற் செவிப்புலனைச் சோதிப்பித்து, மூதூர்த் தள வைத்தியசாலையிலோ திருகோணமலைப் பொது வைத்தியசாலையிலோ பிள்ளை வைத்தியரைக் காணல் வேண்டும். ‘ஆண்பிள்ளை பிந்தித்தான் பேசும்’ என்று இரண்டாண்டு கழிப்பது பிள்ளையின் காலத்தைக் கழிப்பதாகும்.

முடிவுரை

கல்லூரியின் இளைய மாணவருட் சிலர் நாளை மருத்துவராவர், சிலர் ஆசிரியராவர், சிலர் கோணேசபுரியிலுள்ள திருகோணமலை வளாகத்திலோ வேறு பல்கலைக்கழகங்களிலோ ஆராய்ச்சி செய்வர். அவர் ஆராய்ச்சி தொடங்கு முன்னரே, யார் எதனைச் செய்வார், யார் பெயர் எந்த வரிசையில் நிற்கும் என்பதைத் தம் குழுவினரோடு எழுத்தில் உறுதிசெய்க. தாம் காணாத தரவுக்குத் தம் பெயரை ஈயாதொழிக. தமக்கு முன்னர்க் கண்டவர் எந்நாட்டவராயினும் எம்மொழியினராயினும் அவர் பெயரைத் தேடிப் பிழையின்றி எழுதுக. ஒருங்கு கற்றோனும் பாயிரஞ் செய்தற்குரியன் என நன்னூல் கூறுதலின், உடன் உழைத்தோன் விடுபட்டவிடத்து அவனுக்காகச் சான்று பகர்தலும் ஒருசாலை மாணாக்கராகிய நமக்குக் கடனாகும்.